சோறு விலக்கலும் சொல்லின் பொறுப்பும்

உடல் பெருத்தோர் அதனைக் குறைக்க விரும்புதல் புதியதன்று. புதியது யாதெனின், அதன்பொருட்டுச் சோற்றையே பகையெனக் கொண்டு விலக்கும் வழக்கம் நம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே இத்துணை விரைவாகப் பரவியமையேயாம். முன்னெல்லாம் கலியாண வீட்டுப் பந்தியில் இலைமுன் அமர்ந்த ஒருவர், 'எனக்குச் சோறு வேண்டாம், கறி மாத்திரம் போதும்' என்பாராயின், அவர் நோயாளரென்றே அயலார் கருதி இரங்குவர். இப்பொழுதோ அவ்வாறு கூறுவார் பந்திதோறும் உளர். அயலிலிருப்போர் இரங்குவதில்லை, எத்தனை கிலோகிராம் குறைந்தீர் என்று வினவுகின்றனர். பாடசாலைகளில் ஆசிரியர் ஓய்வறையிலும் இப்பேச்சே மிகுதி.

யாமும் அவ்வாறு பேசினோருள் ஒருவரேம். அதனால் நேர்ந்த ஒன்று எம்மை நெடுநாள் வருத்தியது. ஒருவன் தன் உடம்பிலே தான் கண்ட நன்மையைப் பிறனுக்கு வழியாகக் கூறலாமோ, கூறின் அதனால் விளைவதற்கு எவ்வளவிற்குப் பொறுப்பாளன் ஆவான் என்பதே அவ்வருத்தத்தினின்றும் எழுந்த வினா. பிறருக்குக் கூறுதலையே தொழிலாக உடைய நம்மனோர்க்கு அது பொதுவாதலின் ஈண்டு எழுதப் புகுந்தேம்.

இவ்வுணவுமுறை அமெரிக்காவிலே நேற்றுத் தோன்றியதென்று கருதுவார் பலர். அஃது அங்ஙனமன்று. இலண்டன் மாநகரிலே ஈமக்கடன்களை நடத்துவிக்கும் தொழிலினராகிய வில்லியம் பாண்டிங் என்பார், அறுபத்தைந்து வயதளவில், 5 அடி 5 அங்குல உயரமும் 202 இறாத்தல் நிறையும் உடையராயிருந்தார். குனிந்து தம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டமாட்டார். மாடிப்படியில் இறங்குங்கால் பின்புறமாகத் திரும்பியே இறங்குவார். காது மந்தமாயிற்றென்று ஹார்வி என்னும் வைத்தியரிடம் அவர் சென்றபோது, பாண், சீனி, பால், வெண்ணெய், பியர், உருளைக்கிழங்கு என்பவற்றை விலக்குமாறு அவ்வைத்தியர் பணித்தார். ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தது. அம்மகிழ்ச்சியினாலே 1863ஆம் ஆண்டிலே தம் அனுபவத்தை ஒரு கடிதமாக அச்சிட்டுத் தம் செலவிலேயே பொதுமக்களுக்கு வழங்கினார். அது பன்முறை அச்சேறியது. மெலிதற்பொருட்டு உண்டி சுருக்குதலுக்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. அவர் வைத்தியரல்லர் என்பதனையும், அவர் காட்டிய சான்று தம் உடம்பு ஒன்றே என்பதனையும் வாசிப்போர் நினைவிற் கொள்க. அது பின்னர் வேண்டப்படும்.

1921ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மேயோ வைத்திய நிலையத்தைச் சார்ந்த றசல் வைல்டர் என்பார், காபோவைதரேற்றை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்த உணவு காக்கைவலிப்பு நோய்க்கு மருந்தாகலாம் என எடுத்துரைத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புடைய சிறுவர்க்கு அவ்வுணவு இன்றும் கொடுக்கப்படுகின்றது. ஆயின் கவளந்தோறும் நிறுத்து, குருதியையும் சிறுநீரையும் இடையிடையே சோதித்து, வைத்தியர் கண்காணிப்பிலேயே கொடுக்கின்றனர். வலிப்பை நிறுத்தும் வலிமை ஓர் உணவுக்கு உண்டெனின், பிழைபட்ட இடத்தில் ஊறு செய்யும் வலிமையும் அதற்கு உண்டென்பது சொல்லாமலே அமையும். 1972ஆம் ஆண்டிலே நியூயோர்க் வைத்தியர் றொபேட் அற்கின்ஸ் என்பார் எழுதிய நூலினால் இம்முறை உடல் மெலிவிக்கும் வழியாக உலகெங்கும் பரந்தது. தமிழ்நாட்டிலே, பத்தாண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கி, முகநூற் குழு ஒன்றின் வாயிலாகவும், நியாண்டர் செல்வன் என்பார் எழுதிய 'பேலியோ டயட்' என்னும் நூலின் வாயிலாகவும் பலர் இதனைக் கைக்கொண்டனர். இங்கு வந்தது அவ்வழியாலும், கனடாவிலும் இலண்டனிலும் உள்ள நம் உறவினர் அனுப்பும் காணொளிகளாலுமாம்.

இதன் இயல்பு சுருக்கமாக வருமாறு. சோறு, பிட்டு, இடியப்பம், பாண், கிழங்கு, சீனி என்பன உடலிலே குளுக்கோசாக மாறுவன. அக்குளுக்கோசைத் திசுக்களிற் புகுத்துவது சதையி சுரக்கும் இன்சுலின். இவ்வுணவுகளை ஒறுத்து, நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் அளவிலேயே காபோவைதரேற்றை நிறுத்தினால், உடம்பு கொழுப்பை எரிக்கத் தலைப்படும். ஈரல் அக்கொழுப்பிலிருந்து கீற்றோன்களை ஆக்கும். ஒரு கோப்பைச் சோற்றிலே ஏறத்தாழ 45 கிராம் காபோவைதரேற்று உண்டெனின், நம் வழக்கமான மத்தியான உணவு இவ்வெல்லைக்கு எவ்வளவு அப்பாலது என்பதனைக் கணக்காசிரியரே கணித்துக்கொள்வர்.

இனி எம் கதை. 2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த எம் மைத்துனர், முன்னையினும் பாதி ஆளாகி வந்திறங்கினார். எம் நிறை அப்பொழுது 88 கிலோகிராம். கந்தசாமி கோவில் வீதியை ஒரு சுற்றுச் சுற்றுமுன் எமக்கு மூச்சு வாங்கியது. அவர் கூறியவாறே சோற்றை நிறுத்தினேம். முட்டையையேனும் மருந்தென எண்ணி உண்ணுக என்று அவர் வற்புறுத்தினார். அதற்கு யாம் இசைந்திலேம். நான்காம் பாலபாடத்திலே புலாலுண்ணலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு கற்பித்த வாய், இடைச்சுற்றளவு குறையவேண்டி அதனை மாற்றுவதெனின் நாணமாயிருந்தது. தேங்காய், தயிர், கச்சான், கீரை, கத்தரிக்காய், புடலங்காய் என்பவற்றால் நாளைக் கழித்தேம். முதல் வாரத்திலேயே மூன்று கிலோகிராம் குறைந்தது கண்டு பெரிதும் வியந்தேம். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைக்கோசன் கரையுங்கால், தன்னினும் மூன்று மடங்கு நிறையுள்ள நீரையும் உடன்கொண்டு வெளியேறும் என்பதும், முதல் வாரக் குறைவிற் பெரும்பங்கு அந்நீரே என்பதும் அப்பொழுது எமக்குத் தெரியா. மார்கழி முடிவிலே 80 கிலோகிராம் ஆயினேம். காற்சட்டைகளைத் தையற்காரரிடம் கொடுத்துச் சிறிதாக்கினேம். உண்மையைச் சொல்லின், சிறிதாகாதது எம் பெருமை ஒன்றே.

எம்மோடு ஒரே பாடசாலையிற் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், எம்மை 'அண்ணை' என்றழைப்பவர், சலரோகம் உடையவர். 2024ஆம் ஆண்டு தை மாதத்திலே ஒரு நாள் ஓய்வறையில், 'நானும் தொடங்கலாமோ அண்ணை?' என்று வினவினார். 'தொடங்கும், பயப்படாதையும், உமக்குத்தான் இது முக்கியம்' என்றேம். அவருக்குச் சலரோகம் உண்டென்பது எமக்குத் தெரியும். தெரிந்தமையினாலேயே மேலும் வற்புறுத்தினேம். அவர் என்ன குளிசை எடுக்கின்றார் என்று யாம் வினவவில்லை. வினவியிருப்பினும் அதன் பொருள் எமக்கு விளங்கியிராது.

நான்காம் நாட் காலை அவர் வழக்கம்போலக் குளிசையை விழுங்கி, ஒரு கிண்ணம் மோரும் ஒரு கைப்பிடி கச்சானும் உண்டு பாடசாலைக்கு வந்தார். இரண்டாம் பாடவேளையிலே கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதுங்கால், அவர் எழுத்துக் கோணியது; பேச்சுக் குழறியது; சட்டை முழுவதும் வியர்த்தது. பிள்ளைகள் சிரித்தனராம். அடுத்த கணத்தில் மேசை விளிம்பிலே நெற்றி அடிபட வீழ்ந்தார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றேம். குருதியிற் குளுக்கோசு மிகத் தாழ்ந்திருந்தது. நரம்பு வழியே குளுக்கோசு ஏற்றிய சிறிது நேரத்தில் கண் திறந்தார். ஆயினும் அவர் உட்கொண்ட மருந்தின் வேகம் தணியுமளவும் விடமுடியாதென்று இரண்டு நாள் வைத்திருந்தனர். இடப்புருவத்தின்மேல் ஏழு தையல்.

அம்மருந்து கிளிக்கிளசைட் என்பது. உண்டாலும் உண்ணாவிடினும் சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரப்பிப்பது. சோறு உண்பவருக்கு அளவாக இருந்த குளிசை, சோற்றை நிறுத்தியவருக்கு மிகையாயிற்று. குளிசையைக் குறைத்த பின்னரே சோற்றைக் குறைத்திருத்தல் வேண்டும். இவ்வொரு வாக்கியத்தை அறியாமலே யாம் அவருக்கு வைத்தியம் சொன்னேம்.

கட்டிலருகே நின்ற வைத்தியர், 'ஏன் இப்படிச் செய்தவர்?' என்று சினந்து கேட்டார். நண்பரின் மனைவியார் தம் கணவரைக் காக்குமுகமாக, 'அவர் தன்ரை எண்ணத்துக்குச் செய்யேல்லை டொக்டர், படிச்ச ஆக்கள் சொல்லித்தான் செய்தவர்' என்றார். எம்மைக் குத்திக்காட்ட அவர் கூறவில்லை. யாம் அங்கு நின்றது அவருக்கு ஆறுதலாகவே இருந்தது. படித்த ஆட்கள் என்ற அச்சொல்லை யாம் இன்றுவரை மறந்திலேம்.

நிற்க. பொருளைத் துணியுமுன் அளவையைத் துணிவது நம் சைவநூலார் மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரிலே அளவையை முதற்கண் வைத்ததும், காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள்ளே பிறவெல்லாம் அடங்குமெனக் கொண்டதும் ஆசிரியர் யாவரும் அறிந்தன. எம் செயலை இவ்வளவைகொண்டு நோக்குவாம். எம் உடம்பு எட்டுக் கிலோகிராம் குறைந்தது காட்சி, அதில் ஐயமில்லை. அதுகொண்டு நண்பர் உடம்புக்கும் நன்மை வருமென்றது கருதல். வழு அங்கே புகுந்தது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டென்பது பொருந்தும். நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டென்பது பொருந்துமோ? பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈரவிறகு என்பதொன்று சேர்ந்தவிடத்தேதான் நெருப்புப் புகையும். இவ்வாறு இடையில் மறைந்து நின்று முடிவை ஆக்கும் அடையைத் தருக்க நூலார் உபாதி என்பர். எமக்கு இவ்வுணவு இனிது முடிந்ததற்கு உபாதி, யாம் ஒரு குளிசையும் எடாமை. அவ்வுபாதி எமக்குக் கண்ணிற் படவில்லை. தனக்கு இயல்பாயமைந்த ஒன்றை ஒருவன் காரணமென எண்ணுவதில்லை அன்றோ? வில்லியம் பாண்டிங் முதல் எம்மீறாகத் தன்னுடம்பைச் சான்றாகக் காட்டுவார் எல்லார்க்கும் உள்ள குறை இதுவே. பொய் சொல்பவர் எம்முள் ஒருவரும் இலர். தன் உடம்பிலே தான் அறியாத அடைகள் எத்தனை உள என்பதைத் தானே காணமாட்டாமைதான் குறை.

பலர் உடம்பையும் ஒருங்கு வைத்து நோக்கினோர் கண்டது யாது? அமெரிக்காவிலே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குக் கொழுப்புக் குறைந்த உணவையும் மற்றையார்க்குக் காபோவைதரேற்றுக் குறைந்த உணவையும் விதித்து, பன்னிரண்டு மாதம் நோக்கி 2018ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். முன்னவர் சராசரி 5.3 கிலோகிராமும் பின்னவர் 6.0 கிலோகிராமும் குறைந்தனர். அவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று என்றனர். எம்மை வியப்பித்தது அச்சராசரியன்று. ஒவ்வொரு கூற்றிலும், ஏறத்தாழ முப்பது கிலோகிராம் குறைந்தாரும் உளர், பத்துக் கிலோகிராமளவு கூடினாரும் உளர். ஒரே விதி, ஒரே ஆண்டு, இத்துணை வேறுபாடு. முப்பது குறைந்தவர் ஒரு பந்தியிலிருந்து பேசின் யாவரும் கேட்பர். பத்துக் கூடினவர் பேசார். ஆகவே நம் செவிக்கு வரும் உரை முன்னரே அரிக்கப்பட்ட உரை.

அவ்வாண்டிலேயே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, அமெரிக்கர் 15,428 பேரை நெடுங்காலம் தொடர்ந்து நோக்கியது. உணவின் ஆற்றலிலே 50 முதல் 55 வீதம் காபோவைதரேற்றிலிருந்து பெற்றோரிடத்து இறப்பு மிகக் குறைவென்றும், 40 வீதத்தின் கீழும் 70 வீதத்தின் மேலும் அது கூடியதென்றும் அதனாற் கண்டனர். சோற்றுக்குப் பதிலாக ஊனுணவு கொண்டோர்க்குத் தீங்கு கூடியும், கச்சான், பருப்பு முதலிய தாவரவுணவு கொண்டோர்க்குக் குறைந்தும் காணப்பட்டது. இது கண்டறிந்த தொடர்பேயன்றி நிறுவிய காரணமன்று. ஆதலின் நம் பக்கத்து வாதமாக இதனைத் தூக்கிக்கொண்டு ஓடுதல் தகாது. புலால் மறுத்தலை நாம் மேற்கொண்டது உயிர்க்கிரக்கத்தினால். ஆராய்ச்சி நாளை வேறு கூறினும் அவ்விரக்கம் அப்படியே நிற்பதன்றோ?

மறுதலையையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். இம்முறை வெறும் மாயமன்று. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தார் 2019ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையில், குருதிக் குளுக்கோசைச் சீர்செய்யக் காபோவைதரேற்றைக் குறைத்தலுக்கே மிகுந்த சான்று உண்டென ஒப்புக்கொண்டனர். மருந்தளவை உடன் மாற்றுக என்றும் கூறினர். நம் இலங்கையிலே 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வு, வளர்ந்தோர் ஐவருள் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ உண்டெனக் காட்டியது. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு பிட்டு, இடையிடையே சீனியிட்ட தேத்தண்ணீர் என்று வாழும் எமக்குக் குறைக்கவேண்டியது நிரம்ப உண்டு. ஆகவே நண்பர் நாடிய வழி பிழையன்று. சொன்னவர் பாதியை விட்டுச் சொன்னார்.

விடப்பட்ட பாதியை ஈண்டேனும் எழுதிவிடுவாம். இன்சுலின் ஏற்றுவோரும் கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்போரும் வைத்தியர் அளவை மாற்றாமல் இதனைத் தொடங்கின், எம் நண்பருக்கு நேர்ந்ததே நேரும். எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் என்னும் புதிய குளிசைகளை எடுப்போர்க்கு வேறோர் இடருண்டு: குளுக்கோசு அதிகம் ஏறாமலே கீற்றோன்கள் மிகுந்து குருதி அமிலமாகலாம், 2015ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்து நிருவாகத்தார் இவ்வினக் குளிசைகள் பற்றி எச்சரித்தனர். சிறுநீரக நோயாளர், கருவுற்றார், பாலூட்டுவார் என்போர் தாமே முயலற்க. சிலருக்குக் கெட்ட கொழுப்பு வெகுவாய் ஏறும். மலச்சிக்கலும் தலைவலியும் சிறியன, எமக்கும் இருந்தன, அவற்றையும் யாம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இனிப் பொறுப்பைப் பற்றிய வினாவுக்கு வருவாம். வீழ்ந்த நாள் தொடங்கி எமக்கு யாமே கூறிக்கொண்ட சமாதானங்கள் மூன்று. நல்லெண்ணத்தோடு சொன்னேம் என்பது ஒன்று. கேட்டவர் சிறுபிள்ளையல்லர், பட்டதாரி என்பது மற்றொன்று. அறியாமற் சொன்னேம் என்பது மூன்றாவது.

மூன்றாவதை முதலில் ஆராய்வாம். அறியாமை இருவகைத்து. எவராலும் அறியப்படாததை அறியாமை ஒன்று. ஒரு வினா வினவினால் நீங்கக்கூடிய அறியாமை ஒன்று. 'உமது கிளினிக்கிற் கேட்டீரோ?' என்னும் ஒரு வினா எம் வாயில் வந்திருக்குமாயின் அவர் வீழ்ந்திரார். இரசாயன ஆய்வுகூடத்திலே, நேற்று யாதும் நேரவில்லை என்பதனால் இன்றும் அமிலத்தை ஊற்றுக என்று ஒரு மாணவனுக்கு நாம் கூறுவதில்லை. போத்தலின் பெயர்த்துண்டை வாசி என்கின்றோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காட்டும் எச்சரிக்கையை ஐம்பது வயது நண்பருக்குக் காட்டாதது அறியாமையாகாது, அசட்டையாகும்.

இரண்டாவதில் ஓரளவு உண்மை உண்டு. அவரும் தம் வைத்தியரை வினவியிருக்கலாம். எனினும், அவர் அங்ஙனம் வினவாமைக்கு யாமே காரணமாயினேம். 'பயப்படாதையும்' என்னும் சொல் அந்த வினாவை அடைத்தது. நம் சமூகத்திலே ஆசிரியன் சொல்லுக்கு ஒரு நிறை உண்டு. யாம் சாட்சியாக நின்று 'எனக்கு இவ்வாறாயிற்று' என்றாலும், கேட்பவர் செவியில் அது 'இவ்வாறு செய்க' என்றே விழும். அந்நிறையைப் பெற்றோர் கூட்டத்தில் விரும்பி ஏற்கின்ற நாம், ஓய்வறையிலே அதனை இல்லையென்றல் செல்லாது.

நல்லெண்ணம் என்பதே கடினமானது. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இரவு இவ்வாறு எண்ணினேம். எம் சொற்கேட்டுச் சோற்றைக் குறைத்தார் வேறு ஆறேழு பேர். அவருள் இருவர் நன்கு மெலிந்து எமக்கு நன்றி கூறினர். அந்நன்றியை யாம் கூசாமல் ஏற்றேம். 'அது உமது முயற்சி' என்று ஒருபோதும் மறுத்திலேம். நன்மை வந்தவிடத்து எம் சொல் காரணமெனின், தீமை வந்தவிடத்தும் எம் சொல்லே காரணம். வரவை மாத்திரம் எழுதிச் செலவை எழுதாத கணக்கை எந்தக் கணக்காய்வாளர் ஏற்பர்?

இன்னும் ஒன்று. நண்பர் அன்று வீழ்ந்திராவிடின் யாம் எம்மைக் குற்றவாளி என்று எண்ணியிருப்போமோ? இல்லை. அவர் வேறொரு குளிசை எடுப்பவராயிருப்பின், மெற்போமின் மாத்திரம் எடுப்பவராயிருப்பின், பெரும்பாலும் வீழ்ந்திரார். எமக்கு மூன்றாவது நன்றி கிடைத்திருக்கும். சொல் ஒன்றே, எண்ணம் ஒன்றே, அசட்டையும் ஒன்றே. குளிசையின் பெயர் ஒன்றே வேறு. ஆகவே குற்றம் வீழ்ச்சியில் இல்லை, வினவாது சொன்னதிலே இருக்கின்றது. அவ்வாறாயின் மெலிந்து நன்றி கூறிய இருவரிடத்தும் யாம் அதே குற்றம் செய்தேம். அவர் உடம்பு எம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

அங்ஙனமாயின் வாய்மூடியிருத்தலே அறமோ எனின், அதுவுமன்று. கிளினிக்கிலே விடியலில் இலக்கம் எடுத்து, நெடுநேரம் காத்திருந்து, வைத்தியரைச் சில நிமிடம் கண்டு வருவோர்க்கு, உணவைப் பற்றிய அறிவு அயலாராலும் ஆசிரியராலுமே வருகின்றது. அவ்வாயையும் அடைத்துவிடின் அறிவு ஆங்கிலம் அறிந்தவர் வீட்டோடு நின்றுவிடும். யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே டொக்டர் சாமுவேல் கிறீனின் பெயர் அடிக்கடி கூறப்படும். 1847ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த அவர், மானிப்பாயிலே இருந்து வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். சமயத்தால் அவரோடு எமக்கு உடன்பாடில்லை. ஆயினும் வைத்தியத்தைப் பிறமொழிக்குள் பூட்டி வைத்தலாகாது என்று அவர் துணிந்ததற்கு இப்பகுதியார் அனைவரும் கடப்பாடுடையர். ஆனால் அவர் மாணவரை ஆண்டுக்கணக்கிற் பயிற்றிய பின்னரே நோயாளரிடம் அனுப்பினார் என்பதனையும் உடன் நினைக்க வேண்டும். நாமோ ஒரு காணொளியை இரவிற் பார்த்து விடியலில் அனுப்புகின்றோம். எழுதினவர் இட்ட நிபந்தனை, ஒரு வாயினின்று மறுவாய்க்குப் போகுங்கால் முதலில் உதிர்கின்றது. 'மருந்து எடுப்போர் வைத்தியரை வினவுக' என்பது சுவையற்ற வாக்கியம். 'ஒரு மாதத்தில் ஆறு கிலோ' என்பது சுவையுள்ளது. நாவிலே நிற்பது சுவையுள்ளதே.

சோற்றை நஞ்சென்று கூறுவதைப் பற்றியும் ஒரு சொல். யாமே அவ்வாறு கூறியதுண்டு, வகுப்பறையிலே, நகைச்சுவையாக. இரசாயன உர இறக்குமதி 2021ஆம் ஆண்டிலே தடுக்கப்பட்டு நெல்விளைவு குன்றி, 2022ஆம் ஆண்டிலே அரிசிவிலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, காலையுணவின்றி வந்து பிரார்த்தனை வேளையில் மயங்கிய பிள்ளைகளை யாம் தாங்கியெடுத்தோம். அப்பிள்ளைகளுட் சிலர் எம் வகுப்பிலே இருக்கையில் அந்நகை எம் வாயில் வந்தது. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே ஆறுமுக நாவலரவர்கள் நடத்துவித்தது கஞ்சித்தொட்டித் தருமம். அன்று அக்கஞ்சி உயிர் காத்தது. இன்று அதே அரிசி எம்போன்றார்க்கு இடையிலே கொழுப்பாய்த் தங்கியது. மாறியது அரிசியன்று, உண்டு உட்கார்ந்திருக்கும் எம் வாழ்க்கை. மொட்டைக்கறுப்பனை இடித்துக் கஞ்சி வைத்து, காலை முழுவதும் துலாமிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த எம் பேரனார், காபோவைதரேற்று என்ற சொல்லையே அறியாது எண்பத்து மூன்று ஆண்டு வாழ்ந்தார். இதையும் ஒருடம்புச் சான்று என்று வாசிப்போர் தள்ளின், அதுவும் முறையே.

நண்பர் இப்பொழுது நலம். கிளினிக்கிலே அவர் குளிசையைக் குறைத்து, சோற்றையும் ஒரு சிறு கோப்பை அளவாக்கி, குருதியைச் சோதித்துச் சோதித்து ஆறு கிலோகிராம் குறைந்திருக்கின்றார். எம்மை ஒருபோதும் நொந்ததில்லை. ஓய்வறையிலே சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குங்கால், 'அண்ணை, இண்டைக்குச் சோறு போட்டிருக்கு, பயப்படாதையுங்கோ' என்று நகைப்பார். புருவத்தின்மேல் வடு இருக்கின்றது.

அவர் ஆஸ்பத்திரியை விட்டு வந்த வாரத்திலே, யாம் யார் யாருக்கு இதனைச் சொன்னேம் என்று ஒரு தாளில் எழுதினேம். ஏழு பெயர் வந்தன. ஒவ்வொருவரிடமும் சென்று குளிசையைப் பற்றி வினவினேம். வவுனியாவுக்கு மாற்றலாகிச் சென்ற ஒருவரைத் தொலைபேசியிற் பிடித்தேம். மூவர் சலரோகக் குளிசை எடுப்போர். ஒருவர் இன்சுலின் ஏற்றுபவர். அவர் நல்லவேளையாக இரண்டாம் நாளே சோற்றுக்கு மீண்டிருந்தார். தாளிலுள்ள ஏழு பெயரையும் கீறிவிட்டேம். ஆயினும் அதற்கு முந்திய மார்கழியிலே, கோப்பாயில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், இலைமுன் இருந்தவாறே எதிர்வரிசைக்கு இதனை விரித்துரைத்தேம். பத்துப் பன்னிருவர் கேட்டனர். மாப்பிள்ளை வீட்டார் சிலர், பெண்வீட்டார் சிலர். தடித்த கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் எழுதிவைக்கக் கடதாசி கேட்டார். எம் பேனாவையும் கொடுத்தேம். அவர் எவ்வூரார் என்று இரு வீட்டாரையும் வினவினேம். ஒருவருக்கும் தெரியவில்லை.